மீட்கப்பட்டனர்

நவம்பர் 17, வெள்ளி

எங்கள் வானொலிப் பணிப்பாளர் இன்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். நேற்றுவரை "ஐயா", இன்றிலிருந்து "சாமி". அவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை அலுவலகத்துக்குள் முட்டை ரொட்டிகூட வரக் கூடாதாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டம் வைத்து இன்னொன்றும் சொன்னார். காலைச் செய்தியில் சவம், சடலம், பிணம் என்ற சொற்கள் இனிமேல் வரக் கூடாது. சனங்கள் சுவாமி கும்பிட்டுவிட்டு வானொலியைப் போட்டால் காதில் விழுகிற முதல் சொல்லே சடலமாக இருக்கிறதாம்.

மாலையைக் காட்டினாலும் உண்மையான காரணம் எனக்குத் தெரியும். போன கிழமை நகைக்கடைக்காரர் தொலைபேசியில் துள்ளிக் குதித்தவர். கிணற்றில் சடலம் என்று நான் வாசித்து முடிக்க, அடுத்த மூச்சில் அவருடைய தாலிக்கொடி விளம்பரம் போயிருக்கிறது. அந்த மனுசனையும் குறை சொல்ல முடியாது.

என்னோடு நிகழ்ச்சி செய்கிற ரமணாகரனுக்கு வாய் சும்மா இருக்குமா? செத்தவனை உயிரோடு இல்லாதவர் என்று சொல்வதா சாமி என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், சாமி சிரிக்கவில்லை. கடைசியில் நான்தான் வழி சொன்னேன். "சடலமாக மீட்கப்பட்டார்" என்றுதானே எப்போதும் எழுதுகிறோம். முன்னால் நிற்கிற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் "மீட்கப்பட்டார்". வசனம் உடையாது, இலக்கணம் பிழைக்காது, கேட்கிறவர்களுக்கும் விளங்கும். சாமிக்கு நல்ல சந்தோஷம். பிள்ளைக்கு மூளை இருக்கு என்றார். இந்த வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

வீட்டில் குசினி அடுப்புக்கு மேல் ஒழுகுகிறது. என் வீட்டுக்காரர் ஓடு மாற்ற ஆள் பிடிக்கிறேன் என்று ஆவணியில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 20, திங்கள்

மழை விடவில்லை. உடுப்பெல்லாம் பூஞ்சணம் மணக்கிறது.

முனைத்துறையில் இருந்து நேற்றுத் தொழிலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. படகில் அண்ணன் தம்பி இருவர், பெனடிக்ற், யூட். எங்களுடைய அந்தப் பக்கத்துச் செய்தியாளர் ஸ்ரனிஸ்லாஸும் முனைத்துறைக்காரன்தான். காற்று எழும்ப முன்னம் அவர்கள் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மூன்றாவது செய்தியாக வாசித்தேன்.

நவம்பர் 21, செவ்வாய்

செய்தி முடிந்ததும் ரமணாகரன் நேயர்களின் தொலைபேசி எடுப்பான். பிறந்தநாள் வாழ்த்து, தண்ணீர் வராத முறைப்பாடு, மாடு காணவில்லை, இதுதான் வழக்கம். இன்று வந்தது முனைத்துறை மெற்றில்டா. பெனடிக்ற்றின் மனைவி. நீலப் படகு, பக்கத்தில் அந்தோனியார் படம் கீறியிருக்கிறது, கடலில் நிற்கிற ஆராவது இதைக் கேட்டால் கொஞ்சம் பாருங்கோ என்று சொன்னாள். அழவில்லை. கடைக்காரனிடம் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். ரமணாகரன் நேரே பாட்டைப் போட்டுவிட்டான்.

நவம்பர் 23, வியாழன்

மெற்றில்டா இப்போது ஒவ்வொரு காலையும் வருகிறாள். தேர்த்திருவிழா மாதிரிச் சனம் கேட்கிறது. கொடிகாமத்தில் இருந்து ஒரு மனுசி பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாவாம். சாமி நேயர் தொகை ஏறியதைச் சொல்லிச் சொல்லிக் கைகளைத் தேய்க்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு கழிவறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன், அது வேறு கதை.

இன்று பாட்டுப் போகும்போது மெற்றில்டாவோடு நானும் கதைத்தேன். ஊரில் ஆளாளுக்கு ஒவ்வொன்று சொல்கிறார்களாம். இந்தியக் கரையில் கண்டது என்கிறான் ஒருவன், பலகை மிதக்குது என்கிறான் இன்னொருவன். "நான் ஒருத்தற்றை கதையும் எடுக்கிறேல்ல அக்கா. நீங்கள் ரேடியோவில சொன்னா நம்புவன்" என்றாள்.

சொல்லக் கூடாதுதான். ஆனால் பெருமையாக இருந்தது.

நவம்பர் 24, வெள்ளி

மத்தியானம். வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு வைக்கவில்லை.

செய்திக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ரனிஸ்லாஸின் தகவல் வந்தது. காணாமல் போன மீனவர் இருவரும் சடலமாக மீட்கப்பட்டுள்ளனர், கடற்படைப் படகு கரைக்குக் கொண்டு வருகிறது, கோயில் பாதர் அவர்களுடைய வீட்டுக்குப் போய் அறிவிக்கப் போகிறார். கடைசி வரியை நான் பிறகுதான் கவனித்தேன். முதலில் கவனித்திருந்தாலும் செய்தியைப் பிடித்து வைத்திருப்பேனா தெரியாது. மற்ற வானொலிகள் சொல்ல முன்னம் சொல்ல வேண்டும் என்றுதான் ஓடினேன்.

கிழமை முழுக்க அந்தச் சொல்லை எடுத்து எடுத்துப் பழகிவிட்டது. கை தன்பாட்டில் எடுத்தது. "கடலில் காணாமல் போயிருந்த முனைத்துறை மீனவர் இருவரும் மீட்கப்பட்டனர்." முதல் செய்தியாக, நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

எனக்கு முன்னால் இருந்த ரமணாகரன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான். நான் அடுத்த செய்திக்குப் போக முன்னம் தன்னுடைய மைக்கைத் திறந்து, நேயர்களே கேட்டீர்களா, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று கத்தத் தொடங்கிவிட்டான். நான் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று கையைக் காட்டினேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து மேசைக்கு மேலால் என் கையைப் பிடித்துக்கொண்டான். பாவி, மற்றக் கையால் மெற்றில்டாவுக்கு இணைப்பும் எடுத்துவிட்டான்.

அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் அழாதவள் இப்போது அழுதுகொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கோயில் மணி அடிக்கிறது, வெடி கொளுத்துகிறார்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.

"அக்கா, உங்கட வாயாலதான் வரும் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் நல்லா இருப்பியள். புட்டு அவிய வைச்சிட்டன். அவருக்கு நனைஞ்ச சேட்டோட நிண்டா நெஞ்சில சளி பிடிக்கும், சேட்டும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போறன்."

என்னுடைய மைக் திறந்துதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் என்று இப்போது எழுதுவது சுலபம். சிரிக்கிற பொம்பிளையிடம், ஊரே கேட்டுக்கொண்டிருக்க, எந்த வாயால் சொல்வது? நல்லது மெற்றில்டா என்று சொன்னேனாம். ரமணாகரன் சொல்கிறான். எனக்கு ஞாபகமில்லை.

தாலிக்கொடி விளம்பரம் போனபோதுதான் அவனிடம் சொன்னேன். ரமணா, அவங்கள் செத்திட்டாங்கள் என்றேன். ஆர் என்று கேட்டான். நான் வாசித்த தாளை அவனிடம் நீட்டினேன். அவன் மேலிருந்து கீழே வாசித்தான், திரும்ப வாசித்தான்.

"இதில அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா" என்றான்.

பிறகுதான் அவனுக்கு விளங்கியது. எட்டு மணிவரை பாட்டுத்தான் போனது. இடையில் அவளுக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தான். கைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், மகள் எடுத்தது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டா என்றதாம். அவன் வைத்துவிட்டான்.

துறையில் நடந்ததை ஸ்ரனிஸ்லாஸ் சொன்னான். நான் கேட்கவில்லை, அவன்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னான். பாதர் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். தெருவெல்லாம் சனம், அவரை மறித்துக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார்களாம், அவரால் வாய் திறக்க முடியவில்லை. அதற்குள் கடற்படைப் படகு வந்துவிட்டது. கறுத்த பை இரண்டை இறக்கினார்கள். வெடி நின்றுவிட்டது. மெற்றில்டா மடித்த சேட்டைப் பிடித்துக்கொண்டு, பைகளை இறக்கிய பிறகும் படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாளாம். இன்னும் யாரோ இறங்க இருக்கிறார்கள் என்பதுபோல.

நவம்பர் 25, சனி

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

இன்று அடக்கம். கடலில் கிடந்த உடல்கள், பெட்டியில் மூடி முத்திரை வைத்துத்தான் கொடுத்தார்களாம். கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்து மாமனார்தான் ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டினார். மெற்றில்டாவை உள்ளே விடவில்லை. சேமக்காலைக் குழியடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றாளாம். ஊர் அதைப் பற்றித்தான் கதைக்கிறது.

நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இவர் சமாதானம் சொல்கிறார்: நீ எப்படி வாசித்திருந்தாலும் செத்தவன் செத்தவன்தானே, அந்தப் பொம்பிளை கொஞ்ச நேரமாவது சந்தோஷமாக இருந்தாள்தானே. முதலில் மனதுக்கு இதமாக இருந்தது. பிறகு கையில் இருந்த கோப்பையை இவர் முகத்தில் எறிய வேண்டும்போல இருந்தது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 28, செவ்வாய்

சனம் பத்திரிகைக்கு எழுதுகிறது, முகநூலில் கிழிக்கிறது. சாமி ஒரு திருத்தம் எழுதித் தந்தார். வெள்ளிக்கிழமை ஒலிபரப்பான மீனவர் தொடர்பான செய்தி, கிடைத்த தகவலில் இருந்த தெளிவின்மையால் நேர்ந்த தவறு, வருந்துகிறோம். இவ்வளவுதான். செத்தார்கள் என்று அதிலும் இல்லை. காலை நேரம் அல்லவா.

வாசித்தேன்.

அந்தச் சொல்லை எடுக்கும் யோசனை முதலில் யாரிடம் இருந்து வந்தது என்று கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒருவருக்கும் சரியாக ஞாபகம் வரவில்லை. எல்லோருமாகச் சேர்ந்துதான் முடிவெடுத்திருப்போம். ரமணாகரன் என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"கிடைத்த தகவல்" என்றால் கொடுத்தவன் யார் என்று முனைத்துறைக்குத் தெரியாதா? ஸ்ரனிஸ்லாஸின் வாசலில் போய் நின்று ஏசியிருக்கிறார்கள். பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தான். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். அக்கா, நான் அனுப்பினதை நீங்கள் முழுசாப் பாத்தனீங்கள்தானே என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 1, வெள்ளி

இன்று மெற்றில்டா தொலைபேசி எடுத்தாள். ரமணாகரன் பயந்துபோய் ஒலிபரப்பில் விடாமல் என்னிடம் தந்தான். ஏசுவாள் என்று நினைத்து, ஏச்சு வாங்க ஆயத்தமாகத்தான் காதில் வைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, மாத்திச் சொல்லச் சொல்லி உங்களை ஆர் வெருட்டினது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் எனக்குத்தான் ஆறுதல் சொல்வதுபோலப் பேசிக்கொண்டு போனாள். உங்களில் பிழை இல்லை, உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், எங்கட நாட்டில் உண்மையைச் சொன்னால் விடுவார்களா. மீட்டுவிட்டார்கள் என்று முதலில் சொன்னதுதான் உண்மை. பெட்டிக்குள் யாரென்று அவளுக்குக் காட்டவில்லை. மாமனாரைப் பயப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம், கடற்படை முகாம் வாசலிலும் நின்று பார்த்தாளாம்.

"எங்க வைச்சிருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும். ரேடியோவில சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

தொடர்பு விட்டுப் போனது. நான் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எத்தனை தாய்மார், எத்தனை பெண்சாதிமார் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவோரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவர்களுடைய செய்தியை வருடா வருடம் வாசிக்கிறவள் நான். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. இவளுக்குப் பதில் இருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது, நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

ஸ்ரனிஸ்லாஸ் மழைக்குள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். துவாய் கொடுத்தேன், தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தான்.

மெற்றில்டா பூசைக்கு விடமாட்டேன் என்று நிற்கிறாளாம். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு என்ன ஆத்மசாந்தி என்று பாதரைக் கேட்டிருக்கிறாள். மூன்று வேளையும் அவனுக்குச் சாப்பாடு போட்டு மூடி வைக்கிறாள். மகளைப் பள்ளிக்கூடம் விடுவதில்லை, அப்பா வருகிற நேரம் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டுமாம். மாமனார் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை.

நான் வீட்டுக்கு வந்து அவளிடம் நேரே சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"வீட்டை வந்தா, உங்களை ஆரோ அனுப்பினது எண்டுதான் சொல்லுவா. ரேடியோவில சொன்னதை ரேடியோவிலதான் எடுக்கோணும் அக்கா. என்ரை பேருக்காகச் சொல்லேல்ல. அது கெட்டது கெட்டதுதான். அந்தப் பிள்ளை யன்னலடியிலயே நிக்குது."

சாமிக்கு எடுத்துக் கேட்டேன். மகரஜோதி முடியட்டும் பிள்ளை, சனம் மறக்கிற நேரத்தில் ஏன் கிண்டுகிறாய் என்றார். அவருக்கு விரதம் முக்கியம்.

டிசம்பர் 4, திங்கள்

செய்தி வாசித்தேன். வேறொன்றும் செய்யவில்லை. கோழை.

டிசம்பர் 5, செவ்வாய்

செய்தியை முடித்துவிட்டு, முனைத்துறைக்கு இணைப்பு எடு என்று தாளில் எழுதி ரமணாகரனிடம் தள்ளினேன். சாமியிடம் கேட்டாயா என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்காமல் எடுத்தான். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் எங்கள் நிகழ்ச்சி அவளுடைய வீட்டு வானொலியில் ஓடுவது எனக்குக் கேட்டது.

"மெற்றில்டா, நான் கேமலதா. ரேடியோவில இருந்துதான் கதைக்கிறன். எல்லாருக்கும் கேக்குது."

"சொல்லுங்கோ அக்கா." குரலில் அவ்வளவு ஆவல். "ஆஸ்பத்திரி தெரிஞ்சுதோ?"

எழுதி வைத்திருந்தேன். எழுதியது ஒன்றும் உதவவில்லை.

"ஒருத்தரும் என்னை வெருட்டேல்ல. ஸ்ரனி அண்டைக்கு அனுப்பினது சடலமாக மீட்கப்பட்டினம் எண்டு. அவன் சரியாத்தான் அனுப்பினவன். காலமையில அந்தச் சொல் வேண்டாம் எண்டு வெட்டினது நான். அப்பிடி வெட்டலாம் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

பிறகு, சமையல் குறிப்புக் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"வெட்டேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"நான் சிரிக்கேக்க?"

"தெரியும்."

"புட்டு வைச்சிருக்கிறன் எண்டு சொன்னனான்."

"ஓம். கேட்டனான்."

"அப்ப பெட்டிக்குள்ள…"

"பெனடிக்ற்தான் மெற்றில்டா. அவர் செத்திட்டார். யூட்டும் செத்திட்டான். அவை ரெண்டு பேரும் செத்துத்தான் கரைக்கு வந்தவை."

இதைவிட மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்லப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது. கண்ணாடிக்கு வெளியே யாரோ ஓடி வந்து நின்றார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளை," என்று மெற்றில்டா யாரையோ கூப்பிட்டாள். "யன்னலடியை விட்டு வா. வந்து அந்த ரேடியோவை நிப்பாட்டு."

சின்னக் காலடி கேட்டது. அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எங்களுடைய நிகழ்ச்சி பட்டென்று நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். மனுசக் குரல் அப்படி வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ரமணாகரனின் கை பாட்டுக்குப் போனது. நான் அதைத் தட்டிவிட்டு, அவளுடைய குரலை, ஊருக்குப் போகாமல், ஒலிபரப்பில் இருந்து மட்டும் எடுத்தேன். இணைப்பை வெட்டவில்லை. வெளியே எங்கள் வானொலியில் வெறும் அமைதி போனது. நகைக்கடை விளம்பரமும் போகவில்லை. சாமி கண்ணாடியில் தட்டிக்கொண்டு நின்றார். அவள் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் காதில் இருந்து எடுக்கவில்லை.